அரையடி நகராமல்

இருபது கொண்டை ஊசி வளைவு.
பதினான்காவதில் மாதேஸ்வரி வாந்தி எடுத்தாள்.
ஆறடி ஓரங்குலம், வேனில் கால் மடக்க இடமில்லை.
"இவதான் எங்க சென்டர், அண்ணா" என்றார்கள்.
எலுமிச்சை ஒன்றை நீட்டினேன்.
சென்டர் என்றால் நடுவில் நிற்பவள் என்று நினைத்துக்கொண்டேன்.

நடுவில் இல்லை.
ஏற்காட்டுக் கோடை விழாப் போட்டியில்
கயிற்றுக்கு வெளியே
தட்டுவடை செட்டோடு நின்றபோது தெரிந்தது:
அவள் இடம் வளையத்தடி.
அங்கேயும் மூன்று நொடிக்கு மேல் நின்றால் விசில்,
பழைய பஸ் ஸ்டாண்ட் வாசலில் வண்டியைப் போட்டது போல.
போகிறாள், வருகிறாள், முதுகால் இடம் பிடிக்கிறாள்.
வளையத்தில் பட்டுத் தெறிக்கும் பந்தையெல்லாம்
காற்றடித்த மாந்தோப்பில் மடி விரித்தவள் மாதிரி
வாங்கிக்கொள்கிறாள்.

நஸ்ரின் ஓட்டுநர். அது உடனே புரிந்தது.
ஐவரில் குள்ளம். பந்தைப் பார்க்காமலே தட்டி வருகிறாள்,
நான் கியரைப் பார்க்காத மாதிரி.
இரண்டு விரல் தூக்கினால் நால்வரும் இடம் மாறுகிறார்கள்.
பாயிண்ட் கார்டு என்று பெயராம்.
என் தொழிலுக்கு இப்படியொரு பெயரை யாரும் வைக்கவில்லை.

ஷூட்டிங் கார்டு ஜெபசெல்வி,
செவ்வாய்ப்பேட்டை மண்டியில் கணக்கு எழுதுகிறவள்.
யாருக்கும் வேண்டாதவள் போல் ஓரத்தில் நின்று,
பந்து வந்ததும் எறிந்துவிட்டு
விழுந்ததா என்றுகூடப் பார்க்காமல் திரும்பி ஓடுகிறாள்.

ஸ்மால் ஃபார்வர்டு என்றால் சின்னவள் இல்லை.
பூங்கோதை நெடுநெடுவென்றுதான் இருந்தாள்.
எறியவும் அவள், தடுக்கவும் அவள், துரத்தவும் அவள்.
எங்கள் வேன் ஸ்டாண்டிலும் அப்படி ஒருவன் உண்டு.
சம்பளம்தான் இல்லை.

கவிநயாதான் விளங்கவில்லை.
பவர் ஃபார்வர்டு. பெயரில் பவர்.
செய்வதோ, எதிராளி ஓடிவரும் வழியில் போய்
மார்பில் கை கட்டிக்கொண்டு
சும்மா நிற்பது.
இடிக்கிறார்கள். நிற்கிறாள்.
ஒருமுறை அரையடி நகர்ந்தாள், அதற்கு ஃபவுல்.
"இந்தப் பொண்ணுக்கு ஆடத் தெரியாதா?" என்று
பக்கத்துக் காப்பித்தோட்டக்காரரிடம் கேட்டேன்.
"ஸ்கிரீன்" என்றார். அவ்வளவுதான்.
கொட்டகையில் இருப்பதைத் தவிர வேறு ஸ்கிரீன் நான் அறியேன்.

கடைசிப் பத்து நிமிடத்தில்
ஏரிப்பக்கமிருந்து பனி ஏறியது.
முதலில் சில்வர் ஓக் மரங்கள் போயின.
பிறகு எதிர்ப்பக்கத்து வளையம்.
பிறகு ஸ்கோர் பலகை.
இருபது நொடி பாக்கி, ஒரு புள்ளி பின்னால் நாங்கள்.
(எப்போதிலிருந்து 'நாங்கள்'?)
நடுவர் வானத்தைப் பார்த்தார், வானமே இல்லை,
ஆடுங்கள் என்று விசில் ஊதிவிட்டார்.

காதால் பார்த்தேன்.
தட், தட், தட்: நஸ்ரின்.
வளையத்தடியில் ஷூ கீச்சல், மூன்று எண்ணி வெளியே,
மறுபடி உள்ளே: மாதேஸ்வரி.
எல்லாத் திசையிலும் மூச்சிரைப்பு: பூங்கோதை.
பிறகு ஒரு பொத்.
உடம்பில் உடம்பு. யாரும் கத்தவில்லை, விசிலும் இல்லை.
அப்புறம் ஒன்றுமே கேட்காத ஒரு நொடி.
அப்புறம் வலை,
புதுச்சேலையை உதறினால் வருமே, அந்தச் சத்தம்.

ஸ்கோர் தாளில் ஜெபசெல்வி பெயருக்கு இரண்டு புள்ளி எழுதினார்கள்.
அந்தப் பொத்துக்கு
தாளில் கட்டம் இல்லை.

இறங்கும்போதும் பனி விடவில்லை.
ஒன்பதாம் வளைவில், கீழிருந்து
காய்கறி லாரி ஒன்று முனகிக்கொண்டு ஏறியது.
ஏறுகிறவனுக்கே வழி.
பாறையோரம் ஒதுக்கி பிரேக்கில் காலை ஊன்றி
நின்றேன்.
பக்கக் கண்ணாடிக்கும் லாரிக்கும் நடுவே ஒரு விரல் இடம்.
கடந்ததும் ஒரே ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போனான்.

உள் கண்ணாடியில் பார்த்தேன்.
எல்லோரும் தூக்கம், கோப்பை சீட்டுக்கடியில் உருள்கிறது.
கவிநயா மட்டும் விழித்திருந்தாள், தோளில் ஐஸ் பை.
"சரியா நின்னீங்க அண்ணா" என்றாள்.

அதற்குள் மாதேஸ்வரி எழுந்துவிட்டாள்,
எலுமிச்சையை மூக்கில் வைத்தபடி:
"இன்னும் எத்தனை வளைவு?"

எட்டு என்றேன்.